தூசு படிந்த பக்கம்

அத்தியாயம் 6

பிப்ரவரி 4, செவ்வாய். காலை. வெளியே மைனஸ் முப்பத்து மூன்று.

தவறு: அம்மா வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸில், காற்றின் தூசைப் பிடிக்கும் ஃபில்டரைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். புத்தாண்டன்று மாட்டியது நான்தான், பழி போட வேறு ஆள் இல்லை. அட்டையில் அச்சடித்த அம்பு ஃபர்னஸைப் பார்க்க வேண்டும். அம்மா வீட்டில் அது இடப்பக்கம். ஆனால் அம்பு வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மாலை வகுப்பில் நாங்கள் பிரித்துப் பூட்டும் ஃபர்னஸில் அம்பு வலப்பக்கம்தான் போகும். கை அந்தப் பழக்கத்தில் போயிருக்கும். அன்றொரு வியாழன் அம்மா பிங்கோ ஆடிவிட்டு வந்தபோது வீடு சில்லிட்டுக் கிடந்ததே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். புதியது மாட்டிவிட்டேன். பழையது பின்வாசல் குப்பைத் தொட்டியில். ரேலீனிடம் சொல்லக் கூடாது. அவளுக்கு இருக்கிற கவலை போதும்.

ஓரெஸ்ட் ஹலுஷ்சாக் நோட்டை மூடி, கோட்டின் உள்பைக்குள் திணித்தான். வண்டி குலுங்கிக் கிளம்பியது. பின்னால் ஏதோ 'டப்' என்று அறுந்தது.

"தோரா, மறுபடியும் ஒயரைப் பிடுங்காம கிளம்பிட்டீங்க" என்றான்.

வினிபெக்கில் குளிர்கால ராத்திரிகளில் மனிதர்களைப் போல வண்டிகளுக்கும் கதகதப்பு வேண்டும். என்ஜினுக்கு ஒயர் போட்டு வீட்டுச் சுவரில் சொருகி வைப்பார்கள். தோரா பியார்னசன் இந்தக் குளிர்காலத்தில் அறுத்த நான்காவது ஒயர் அது. காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய் பிடித்து ஓய்ந்தவள், இப்போது சொந்தமாகப் பொய் பிடிக்கிறாள். வயது ஐம்பத்தாறு. ஒரு திருடனின் முகம் அவளுக்கு மறக்காது. ஒயர் மட்டும் மறந்துவிடும்.

"நீ எதுக்கு இருக்கே? ஞாபகப்படுத்தத்தானே?"

"நான் துப்பறிய வந்தேன்னு நினைச்சேன்."

"அதை நானே ஞாபகம் வச்சிருக்கேன்."

வசில் புரோகோப்சுக்கின் வீட்டு வாசலில் ரேலீன் ஃப்ளெட் நின்றிருந்தாள். ஃபர்னஸ் மெக்கானிக். ஓரெஸ்டுக்கு மாலை வகுப்பில் வாத்தியார். இமைமயிரில் பனி பூத்திருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை" என்றாள், வணக்கம் சொல்வதற்குப் பதிலாக. "லைசென்ஸ் போச்சுன்னா போனதுதான். திரும்ப வராது. பதினாறு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை."

"இன்னைக்கு செவ்வாய்தானே? முழுசா ஒரு நாள் இருக்கு" என்று தோரா கதவைத் தள்ளினாள்.

நடந்தது இதுதான். வசில் எழுபத்தெட்டு வயது ஒண்டிக்கட்டை. ஜனவரியில் ரேலீன் வந்து ஃபர்னஸைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டுவிட்டுப் போனாள். சில நாளில் வசில் டாஃபினில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே, போன புதன்கிழமை சாயங்காலம் திரும்பினார். வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்து, சுவரெல்லாம் பனிக்கட்டி. ஃபர்னஸுக்கு என்ன ஆச்சு என்று நிலவறைப் படியில் இறங்கியவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தார். காலையில் பக்கத்து வீட்டு லோர்ன் ஹீபர்ட் வந்து பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இதுவரை வசிலுக்கு நினைவு திரும்பவில்லை.

ஃபர்னஸின் முன்பலகை ஒரு விரல்கடை வெளியே வந்திருந்தது. பலகை சரியாக உட்காராவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் அமுங்காது. ஸ்விட்ச் அமுங்காவிட்டால் ஃபர்னஸ் எரியாது. பலகையைக் கடைசியாகக் கழற்றியது ரேலீன். ஆகவே குற்றவாளி ரேலீன். அதிகாரிகளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

நிலவறையில் ஐஸ் உடைத்து அள்ளியிருந்தார்கள். குளிர் மட்டும் அள்ளப்படாமல் இருந்தது. ரேலீன் படியிலேயே நின்றுகொண்டாள், இரண்டு கைகளும் பைக்குள்.

"நான் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக்கூடாதாம். ஓரெஸ்ட், நீ கழட்டு. மெதுவா."

ஓரெஸ்ட் ஃபில்டரைப் பாதி இழுத்தான். கை அப்படியே நின்றது.

அட்டை விளிம்பில் அம்பு. வலப்பக்கம். காற்று வருகிற குழாயைப் பார்த்து. ஃபர்னஸுக்கு முதுகைக் காட்டி.

"என்னடா?" என்றாள் தோரா.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். வகுப்பில் அவன் மாட்டிய எதையும் ரேலீன் இரண்டாம் தடவை திருத்தியதில்லை. முதல் தடவையே பொறுமையாகச் சொல்லிவிடுவாள். அவளைக் காட்டிக்கொடுக்கும் வாய் அவனுடையதாகவா இருக்க வேண்டும்?

"ஃபில்டர் திரும்பி இருக்கு."

ரேலீன் முகம் வெளிறியது. "இல்ல. நான் சரியாத்தான் போட்டேன். போட்டேன்தானே?" கடைசி வார்த்தையை அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"நானும் இதையேதான் பண்ணேன்" என்றான் ஓரெஸ்ட் அவசரமாக. "அம்மா வீட்டுல. இன்னைக்குக் காலைலதான் பாத்தேன். யாருக்கு வேணா வரும்."

"நீ பண்ணா அது படிப்பு. நான் பண்ணா அது பத்திரிகைச் செய்தி."

தோரா இருவரையும் கவனிக்கவில்லை. ஃபில்டரை முழுதாக உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு முகம் சாம்பல் பூத்து, பூனை முடி ஒட்டி, கம்பளிபோல் இருந்தது. வசிலின் செம்பட்டைப் பூனை தன் கையெழுத்தைப் போட்டிருந்தது. மறு முகம் தும்பைப்பூ.

"தூசு எந்தப் பக்கம் பிடிக்கும்?"

"காத்து வர்ற பக்கம்" என்றாள் ரேலீன்.

"இது உள்ள இருந்தபோது தூசுப் பக்கம் எதைப் பாத்துக்கிட்டிருந்தது?"

ஓரெஸ்ட் கையால் காற்றில் ஃபில்டரைப் பொருத்திப் பார்த்தான். ஒருமுறை. சந்தேகம் தீராமல் மறுமுறை. "ஃபர்னஸை. வெள்ளைப் பக்கம்தான் காத்தைப் பாத்துக்கிட்டிருந்தது." நிறுத்தினான். "அது முடியாதே."

"ஏன் முடியாது? ரேலீன் சரியாப் போட்டா. ஃபர்னஸ் ஓடிச்சு, தூசு சரியான பக்கத்துல பிடிச்சுது. அப்புறம் ஒரு ஆள் வந்து உருவினான். திரும்ப வச்சப்போ மாத்தி வச்சான். அதுக்கப்புறம் ஃபர்னஸ் ஒரு நிமிஷம்கூட ஓடல. ஓடியிருந்தா வெள்ளைப் பக்கமும் அழுக்காகியிருக்கும்."

ரேலீன் ஒரு படி இறங்கி வந்தாள்.

"பலகையைக் கழட்டணும்னா இந்த மாடல்ல முதல்ல ஃபில்டரை உருவியாகணும்" என்றாள் மெல்ல. "அது எதிர்ல நீட்டிக்கிட்டு இருக்கும்."

"ஆக, ஒருத்தன் வேணும்னே அணைச்சிருக்கான்" என்றாள் தோரா. குனிந்து தரையோரத்தில் போகும் தகரக் குழாயைத் தடவினாள். படியின் அடிப்பக்கம், கிடக்கிற மனிதனின் கை எட்டும் உயரத்தில், தகரம் அம்மை வார்த்ததுபோல் குழி குழியாக நசுங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு பூட்ஸ்.

ராத்திரி முழுக்க ஒரு கிழவர் பூட்ஸால் தகரத்தை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சுவர் பத்தடி தூரம்கூட இல்லை.

மேலே வந்ததும் தோரா முன்னறை ஜன்னலோரம் நின்றாள். அங்கே சின்னச் சிவப்பு விளக்கு. குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் வைப்பதுதான். வீட்டுக்குள் சூடு குறைந்தால் தானாக எரியும். தெருவில் போகிறவர்கள் பார்த்துச் சாவி வைத்திருப்பவருக்குப் போன் செய்வார்கள். போன வாரம் இந்த விளக்கு எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. தோரா பல்பைத் தொட்டாள். ஆடியது. அரைச் சுற்று திருகினாள். அந்தக் குளிரில் விளக்கு சட்டென்று எரிந்தது. மூவர் முகமும் சிவந்தது.

"பல்பு தானாத் தளர்ந்திருக்கலாம்" என்றான் ஓரெஸ்ட்.

"தளரலாம். ஃபில்டர் தானாத் திரும்பாது. அந்த ஆள் அம்பை ஏன் வலப்பக்கம் வச்சான்?"

"என்னை மாதிரி. கைப் பழக்கம். அவன் வீட்டுல அது வலப்பக்கமா இருக்கும்."

ரேலீன் நிமிர்ந்தாள். "இந்தத் தெருவுல எல்லா வீடும் ஒரே ஆள் கட்டினது. ஒரு வீடு இப்படி, அடுத்த வீடு கண்ணாடில பாத்த மாதிரி. படி, குழாய், எல்லாம் பக்கம் மாறும். ஃபர்னஸ் புதுசா போட்டாலும் குழாய் போற வழி மாறாது."

"வசில் மாமா வீடும் ரெண்டு வீடு தள்ளி எங்க அம்மா வீடும் ஒரே மாதிரி" என்றான் ஓரெஸ்ட். "நடுவுல இருக்கிறதுதான் திரும்பினது."

நடுவில் இருப்பது லோர்ன் ஹீபர்ட்டின் வீடு. வசிலின் சாவி இருப்பதும் அவரிடம்தான்.

"இல்ல" என்றான் ஓரெஸ்ட் உடனே. "மிஸ்டர் ஹீபர்ட் எனக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தவர். அதோட அவருக்கு முட்டி போச்சு. படி இறங்க முடியாது."

"அப்போ வா, முட்டியைப் போய் விசாரிப்போம்."

*

லோர்ன் ஹீபர்ட் கதவைத் திறந்தபோது கையில் கைத்தடி, முகத்தில் சிரிப்பு. "உள்ள வாங்க, உள்ள வாங்க. பூட்ஸை மெதுவா கழட்டுங்க. அதுக்குள்ள நான் மேசைல ஏதாவது வைக்கிறேன்."

அவர்கள் அடுக்களைக்குப் போனபோது ரொட்டி, புகை போட்ட சாசேஜ், உப்பில் ஊறிய வெள்ளரிக்காய் பாட்டில் எல்லாம் வந்திருந்தன. சுவரில் ஆணிகள் அடித்த பலகை. ஆணிக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு பெயர். தெற்கே வெயில் தேடிப் போகிற அக்கம்பக்கத்தார் எல்லோருடைய வீடும் அந்தப் பலகையில் தொங்கியது.

"வசில் கண் முழிச்சாரா?"

"இன்னும் இல்ல" என்றாள் தோரா.

"பாவம். நான் தினம் கதவைத் திறந்து எட்டிப் பாப்பேன். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் கதகதன்னுதான் இருந்துது. கீழ போய்ப் பாத்திருந்தா..." முழங்காலைத் தட்டினார். "ரெண்டு வருஷமா பேஸ்மென்ட் படியில காலே வைக்கல. என் வீட்டுலயே ஃபில்டர் மாத்துறது சர்ச்சுப் பையன்தான்."

"ராத்திரி சத்தம் எதாவது?"

"படுத்தா எனக்கு உலகமே கேக்காது." ஓரெஸ்டின் தட்டில் இன்னொரு சாசேஜ் விழுந்தது. "சாப்பிடுப்பா. உங்கம்மா உன்னைப் பட்டினி போடுறாளா? ஸ்டெஃபா நாளைக்கு அக்கா வீட்டுக்குக் கிம்லி போறாளாமே?"

"ஆமா, மிஸ்டர் ஹீபர்ட். ரெண்டு ராத்திரி."

"நல்லது. மாத்தம் வேணும்."

தோரா பாட்டிலைக் கையில் எடுத்து மூடியைத் திருகினாள். "வீட்டுல போட்டதா?"

"போன ஆகஸ்ட்ல. ஃப்ரிட்ஜ்ல இதுதான் கடைசி." அவர் கெட்டிலைப் பார்க்கத் திரும்பினார். திரும்பியவாறே கேட்டார். "வசில் முழிச்சுக்குவார்னு டாக்டர் சொல்றாரா?"

இரண்டாவது தடவை. ஓரெஸ்ட் ரொட்டியைத் தட்டில் வைத்தான். ஆனால் அவன் உடனே தன்னைத்தான் கடிந்துகொண்டான்: பக்கத்து வீட்டுக்காரர் விசாரிக்க மாட்டாரா?

*

தெருமுனை டோனட் கடை வாசலில் வண்டியை ஓடவிட்டபடி காபி குடித்தார்கள். ரேலீன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"பாத்தீங்களா? கைத்தடி. நான்தான் சொன்னேனே" என்றான் ஓரெஸ்ட்.

தோரா கையுறையைக் கழற்றி ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனியில் சாம்பல் நிற நூல் ஒன்று சுற்றியிருந்தது. அதில் கடுகளவு காய்ந்த சிலந்தி.

"பாட்டில் மூடில இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள்ள சிலந்தி கூடு கட்டுமா?"

ஓரெஸ்ட் விரலையே பார்த்தான். ஊறுகாய் பாட்டில்களை இந்த ஊரில் எங்கே அடுக்குவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அம்மாவும் அங்கேதான் அடுக்குகிறாள். நிலவறையில், குளிர்ந்த மூலையில்.

"நாம பூட்ஸ் கழட்டுற நேரத்துல இறங்கி ஏறிட்டாரு" என்றான். "மூச்சு வாங்காம."

"ரெண்டு வருஷமாப் படி இறங்காத மனுஷன்."

"ஒரு வெள்ளரிக்காய் சாட்சி சொல்லுது. கூண்டுல ஏத்தினா உப்புத் தண்ணி சொட்டும்." சொன்னபின்தான் அவனுக்கே சிரிப்பு வரவில்லை என்று தெரிந்தது. "ஆனா ஏன் தோரா? உறைஞ்சு போன வீட்டை வச்சு அவர் என்ன பண்ணுவார்?"

"அதையேதான் நான் உன்கிட்ட கேக்கணும். உன் தெரு."

"உறைஞ்ச வீட்டை வித்துட்டுப் போகத்தான் தோணும். வயசானவங்க திரும்பக் கட்ட மாட்டாங்க. அப்பார்ட்மென்ட் கட்டுறவங்க கேட்டப்போ வசில் மாமா முடியவே முடியாதுன்னாரு. மூணு மனையும் சேந்து வேணுமாம், ஒண்ணு குறைஞ்சாலும் வேணாமாம். அம்மா அந்தக் கடுதாசியை பிஸ்கட் தட்டுக்கு அடில விரிச்சு..."

"எந்த மூணு?" என்றாள் தோரா.

"வசில் மாமா. ஹீபர்ட்." காபி கோப்பை கையில் நசுங்கியது. "அம்மா."

அதற்குள் தோரா வண்டியைத் திருப்பியிருந்தாள்.

*

ஓரெஸ்ட் நேராகப் பின்வாசலுக்கு ஓடினான். குப்பைத் தொட்டி மூடி உறைந்து ஒட்டியிருந்தது. உதைத்துத் திறந்து, காலையில் போட்ட ஃபில்டரை எடுத்தான்.

அவன் புத்தாண்டன்று தப்பாக மாட்டியிருந்தால் அழுக்கு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும். அவன் ஒரு முகத்தைப் பார்த்தான். சாம்பல். திருப்பினான். அதுவும் சாம்பல்.

மறுபடி திருப்பினான். அவசரத்தில் ஒரே பக்கத்தை இரண்டு தடவை பார்க்கிறோமோ என்று, ஒரு முகத்தில் நகத்தால் கோடு கிழித்துவிட்டுத் திருப்பினான். கோடில்லாத முகமும் சாம்பல்தான்.

"ரெண்டு பக்கமும் அழுக்கு" என்றான். குரல் அவனுடையதுபோல் இல்லை. "நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன். கொஞ்ச நாள் சரியா ஓடியிருக்கு. அப்புறம் யாரோ திருப்பியிருக்காங்க. அதுக்கப்புறமும் ஓடியிருக்கு."

"வீடு சில்லிட்டுப் போன வியாழக்கிழமை எப்போ?"

"வசில் மாமா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி." அவனே முடித்தான். "ஒத்திகை. பிங்கோவுக்குப் போனா அம்மா பின்கதவைப் பூட்ட மாட்டா. அணைச்சா வீடு எவ்வளவு நேரத்துல குளிரும்னு பாத்திருக்காரு. திரும்ப எரியவிட்டுட்டுப் போயிட்டாரு. நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன்."

தோரா வேலியைக் காட்டினாள். ஹீபர்ட்டின் வாசலிலிருந்து அம்மாவின் வாசலுக்கு ஒழுங்காக வாரிய நடைபாதை இருந்தது. காலடித் தடம் அதில் இல்லை. தொடை ஆழப் பனிக்குவியலைக் குறுக்கே தாண்டி, நீளநீளமாக, போய் வந்திருந்தது. கைத்தடி ஊன்றிய குழி ஒன்றுகூட இல்லை.

புதுத் தடம்.

உள்ளே அம்மா, ஸ்டெஃபா ஹலுஷ்சாக், பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வசிலின் செம்பட்டைப் பூனை அடுப்பருகே கிடந்தது. மேசைமேல் வெள்ளரிக்காய் பாட்டில்.

"டேய், பூட்ஸோட உள்ள வராதேன்னு எத்தனை தடவை சொல்றது! தோரா, நீங்களாவது சொல்லக்கூடாதா? இப்பதான் லோர்ன் வந்துட்டுப் போனான். அந்தப் பாட்டிலைக் கொடுத்துட்டுச் சாவி வாங்கிக்கிட்டான். பாவம், தானா வந்து கேக்குறான், விளக்கு எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போனான்."

ஓரெஸ்ட் முன்னறைக்கு நடந்தான். ஜன்னலில் சிவப்பு விளக்கு. பல்பை இரண்டு விரலால் தொட்டான்.

ஆடியது.

அடுக்களையில் தோரா குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடிச்சுக்கிட்டே கிடந்தாரா?" என்றாள் ஸ்டெஃபா. "விடிய விடிய? இவன் பக்கத்து வீட்டுல படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தானா?" எழுந்து பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் எறியப் போனாள்.

"அதைக் கொடுங்க, ஸ்டெஃபா. மூடியைத் தொடாதீங்க."

"பூட்டை மாத்தணும், இப்பவே" என்றான் ஓரெஸ்ட்.

"பூட்டை மாத்தினா அவருக்குத் தெரிஞ்சுடும். நாளைக்கு விசாரணைல ரெண்டு ஃபில்டரைக் காட்டி ரேலீனைக் காப்பாத்தலாம். அதுல ரேலீன் கை இல்லைன்னு தெரியும். யார் கைன்னு தெரியாது. அந்தக் கை அவர் பலகைல தொங்குற எந்தச் சாவியை வேணா எடுக்கலாம்." தோரா ஸ்டெஃபாவைப் பார்த்தாள். "நீங்க நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும். எல்லாரும் பாக்குற மாதிரி."

"கிளம்புறேன். சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டுக் கிளம்புறேன்" என்றாள் ஸ்டெஃபா.

ஓரெஸ்ட் ரேலீனுக்குப் போன் செய்து விவரம் சொன்னான். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வகுப்பறைக் குரல்:

"அப்போ உங்கம்மா வீட்டு ஃபில்டரை நீ சரியாத்தான் மாட்டியிருக்கே?"

"ஆமா."

"நிச்சயமா?"

கூசியது. வழக்கமாக அவனிடம் இல்லாத ஒரு வார்த்தையை அவன் சொல்ல வேண்டியிருந்தது. "நிச்சயமா."

"நல்லது. பத்து மணிக்கு முன்னாடி வந்துடு."

ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. தெருவில் ஒவ்வொரு வீட்டின் பக்கக் குழாயிலிருந்தும் ஃபர்னஸ் ஆவி வெள்ளை மூச்சாகப் போய்க்கொண்டிருந்தது. வசிலின் வீடு மட்டும் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு அடுக்களையில் ஓர் உருவம் சாவிப் பலகை முன்னால் அசையாமல் நின்றது.

ஓரெஸ்ட் திரையை இழுத்துவிட்டு, நோட்டைத் திறந்தான். காலையில் எழுதிய 'தவறு' என்ற சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு கிழித்தான். கீழே எழுதினான்.

நாளைய வேலை: காலையில் இரண்டு ஃபில்டர்களையும் தூசு கலையாமல் பையில் போட்டு விசாரணைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மணிக்கு அம்மாவைச் சிவப்புத் தொப்பியோடு பஸ் ஏற்ற வேண்டும்; ஹீபர்ட் பார்க்கும்படி கையசைக்க வேண்டும். பிறகு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து, அவர் அணைக்க வரும்வரை ஃபர்னஸுக்குப் பின்னால், விளக்கில்லாமல், பூட்ஸ் இல்லாமல் உட்கார வேண்டும். பல்பைத் தொடக் கூடாது. அவர் தளர்த்தியபடியே இருக்கட்டும்.